கொடுத்துவிட்ட இடக்கையனும் வாங்கி வந்த க்ளோசரும்

எடிசன், நியூ ஜெர்சி
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகருக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். அங்கும் நலமே என்று நம்புகிறேன். எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதாததற்கு வேலைப்பளுவைக் காரணம் காட்டலாம். ஆனால் பாஸ்கியின் கல்யாணத்துக்குத் தாமதமாக வந்தபோது நான் சொன்ன காரணத்தையே நம்பாதவன், இதை மட்டும் நம்பிவிடுவாயா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஆடும் நம் பேஸ்பால் லீக்கை விட்டு நீ விலகியபோது, "எவனை வேண்டுமானாலும் விற்றுக்கொள், இவனை மட்டும் தொடாதே" என்று சொல்லி ஒப்படைத்துப் போன பந்து வீசும் அந்த இருபது வயது இடக்கைப் பிட்சரைப் போன குளிர்காலத்தில், லீக்கில் இன்னொரு அணி வைத்திருக்கும் கர்னலுக்குக் கொடுத்துவிட்டேன். நேற்று இரவு அவன் நம் அணிக்கு எதிராகவே இறங்கி, ஒன்பது இன்னிங்ஸிலும் ஒரு ஹிட்கூடத் தராமல் ஆட்டத்தை முடித்தான். கர்னல் இந்நேரம் உனக்குச் சேதி அனுப்பத் தயாராகிக்கொண்டிருப்பார். அவருக்கு முந்திக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

பதிலுக்கு என்ன வாங்கினேன் என்று கேட்பாய். முன்னிலையைக் கட்டிக்காத்து ஆட்டத்தை முடித்ததற்காக முந்தைய சீசனில் 44 சேவ் எடுத்திருந்த, கடைசி இன்னிங்ஸை வீசவென்றே வைத்திருக்கும் முப்பத்துமூன்று வயது க்ளோசர் ஒருவனை வாங்கினேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

என் புத்தி ஏன் இப்படிப் போயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். குற்றவாளி நம் பழைய அலுவலக லீக்தான். 1980-இல் டேனியல் ஓக்ரெண்டும் அவருடைய நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கிய, நிஜ ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரங்களைக் கூட்டி மதிப்பெண் போடும் ரொட்டிசெரி முறையில்தான் அதை ஆடினோம்; அதில் சேவ் என்பது தனிப் புள்ளிக் கணக்கு. அங்கே முப்பது அணிகளின் க்ளோசர்கள் முப்பது பேர்தான் சரக்கு, அதற்காக எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். 2007-இல் க்ளீவ்லாண்டின் ஜோ பொரோவ்ஸ்கியை வைத்துக்கொண்டு உன்னைத் தோற்கடித்தேனே, நினைவிருக்கிறதா? அந்த ஆண்டு அமெரிக்கன் லீக்கிலேயே அதிகமாக 45 சேவ் எடுத்த அந்த மனிதர், ஒன்பது இன்னிங்ஸுக்கு 5.07 ரன் வீதம் கொடுத்துக்கொண்டும் இருந்தார். அலுவலக லீக்கில் அவர் தங்கம். நம்முடையதுபோல் ஒவ்வொரு பந்தையும் கணினி ஆடிப் பார்த்து வெற்றி தோல்வியை முடிவு செய்யும் லீக்கில், அப்படி ரன் கொடுப்பவனை ஆறு ரன் பின்தங்கிய ஆட்டத்தில்தான் இறக்குவோம். இந்த வித்தியாசத்தை எனக்கு முதலில் விளக்கியவனே நீதான் என்பதால் வெட்கம் இரட்டிப்பாகிறது.

சேவ் எந்த யோக்கியதையில் கிடைக்கிறது என்பதையும் நேற்று உட்கார்ந்து மறுபடி படித்தேன். சிகாகோவில் விளையாட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்த ஜெரோம் ஹோல்ட்ஸ்மேன் யோசித்து வைத்த கணக்கு அது. 1969-இல்தான் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். மூன்று ரன் முன்னிலையில் வந்து கடைசி இன்னிங்ஸை வீசி, இரண்டு ரன் கொடுத்துவிட்டுப் போனாலும் சேவ் கிடைக்கும். கடைசி மூன்று இன்னிங்ஸையும் ஒருவரே ஒழுங்காக வீசினால் முன்னிலை எவ்வளவாக இருந்தாலும் கிடைக்கும். 2007 ஆகஸ்டில் டெக்சாஸ் 30-3 என்று பால்டிமோரை அடித்து நொறுக்கிய ஆட்டத்தில்கூட வெஸ் லிட்டில்டனுக்கு ஒரு சேவ் எழுதியிருக்கிறார்கள். இருபத்தேழு ரன்னை அவர் யாரிடமிருந்து காப்பாற்றினார்? ஆனால் ஏழாம் இன்னிங்ஸில், ரன் சமநிலையில், மூன்று பேஸிலும் எதிரணி ஆள் ரன்னுக்குக் காத்து நிற்கும்போது வந்து இரண்டு பேரை அவுட் ஆக்கிவிட்டுப் போகிறவனுக்குச் சேவ் கிடையாது.

இனி என் வயிற்றெரிச்சல். மே மாதத்தில் ஒரு நாள், வழக்கம்போல் எல்லோரும் தூங்கிய பிறகு, அன்றைய ஆட்டத்தின் பந்துவாரிப் பதிவைத் திறந்தேன். ஏழாம் இன்னிங்ஸ், 4-4, ஒரு அவுட், மூன்று பேஸிலும் ஆள். வீசிக்கொண்டிருந்தவன், முந்தைய இரண்டு நாளும் ஆடிக் களைத்திருந்த, நடு இன்னிங்ஸ்களில் வீசும் நம் நடுவரிசை வலக்கையன். பால், பால், ஸ்ட்ரைக், பால், பால். நான்கு பந்து தவறி விழுந்ததால் வாக்: அடிக்காமலே முதல் பேஸ், எல்லோரும் ஒரு பேஸ் நகர ஒரு ரன். அடுத்த பந்தில் வலப்புற மூலைக்கு ஒரு ட்ரிப்பிள், அடித்தவன் மூன்றாம் பேஸ்வரை ஓடிவிட்டான். இன்னும் மூன்று ரன். அந்த நேரம் முழுவதும் நான் இடக்கையனைக் கொடுத்து வாங்கிய மகாராஜா, மாற்று வீச்சாளர்கள் காத்திருக்கும் புல்பென்னில் உட்கார்ந்திருந்தார், ஏனென்றால் அவருக்கு 'க்ளோசர்' என்ற வேலையை எழுதிவைத்து, ஒன்பதாம் இன்னிங்ஸில் முன்னிலை இருந்தால் மட்டுமே கூப்பிடு என்று கட்டளையிட்டவன் நான். மறுநாள் மூன்று ரன் முன்னிலை. வந்தார், ஒரு ஹோம் ரன் கொடுத்தார், சேவ் எடுத்துக்கொண்டு போனார். மூன்று ரன் முன்னிலையோடு ஒன்பதாம் இன்னிங்ஸுக்குள் போகும் அணி ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முறை வெல்கிறது; அங்கே என் வீட்டு வாசலில் பால் போடுகிறவரை இறக்கினாலும் தொண்ணூறாவது தேறும். பும்ராவை இருபதாவது ஓவருக்கென்று பொத்திவைத்துவிட்டுப் பதினேழாவது ஓவரிலேயே ஆட்டத்தைப் பறிகொடுக்கும் கேப்டனை நாம் எவ்வளவு திட்டியிருப்போம்?

இந்தத் தவறைச் செய்தவன் நான் ஒருவன் மட்டுமல்ல என்பதுதான் ஆறுதல். 2016 அக்டோபரில் டொரண்டோவில் நடந்த, தோற்றால் சீசனே முடிந்துவிடும் வைல்ட் கார்ட் ஆட்டத்தை நாம் தொலைபேசியில் பேசிக்கொண்டே பார்த்தோம். அந்த சீசனில் 47 வாய்ப்பில் 47 சேவ், 0.54 என்ற ரன் வீதம் என்று நின்ற பால்டிமோர் க்ளோசர் ஸாக் பிரிட்டன் கடைசிவரை இறங்கவே இல்லை. முன்னிலை வரட்டும் என்று அணியின் மேனேஜர் பக் ஷோவால்டர் காத்திருந்தார். பதினோராம் இன்னிங்ஸில் உபால்டோ ஹிமெனெஸின் பந்தை டொரண்டோவின் எட்வின் என்கார்னசியோன் கூட்டத்துக்குள் அனுப்ப, பால்டிமோரின் சீசன் 5-2 என்று முடிந்தது. நீ அன்று கத்திய கத்தலில் உன் மகள் விழித்துக்கொண்டாள்.

உடனே நீ நியூயார்க் யாங்கீஸ் க்ளோசர் மரியானோ ரிவேராவை இழுத்துக்கொண்டு வருவாய், தெரியும். 652 சேவ் எடுத்தவரை மதிக்காமல் இருக்க நான் பாவியல்ல. ஆனால் 2003-இல் பாஸ்டனுக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டத்தை நினைத்துப் பார்: 5-5 என்ற நிலையில் ஒன்பதாம் இன்னிங்ஸில் வந்து, மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசி, ஆரன் பூன் ஹோம் ரன் அடிக்கும்வரை அணியைத் தாங்கியவர் அவர்தான். அந்த இரவுக்கு அவர் கணக்கில் சேவ் இல்லை. வெற்றி என்றுதான் எழுதினார்கள். உன் தலைவரின் பெருமை அந்த 652-க்கு வெளியேயும் இருக்கிறது என்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஜூன் முதல் தேதி நம் மகாராஜாவின் வேலையை 'ஸ்டாப்பர்' என்று மாற்றினேன். இப்போது ஏழாவதோ எட்டாவதோ, ஆட்டம் எங்கே இழுபறியாகிறதோ அங்கே வருகிறார். சில நாள் இரண்டு இன்னிங்ஸ்கூட வீசுகிறார். அவர் மோசமான பிட்சர் அல்ல. அவரை நான்தான் வீணடித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஒரு சீசனுக்கு அறுபத்தைந்து, எழுபது இன்னிங்ஸ் வீசுகிறவருக்காக, இருநூறு இன்னிங்ஸ் வீசக்கூடிய பையனைக் கொடுத்தது எந்தக் கணக்கிலும் தேறாது. எத்தனை முறை கூட்டினாலும் அதே விடைதான் வருகிறது.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் இன்னிங்ஸுக்கு வேறு ஆள் வேண்டுமே என்று, மே மாதத்தில் ட்ரிப்பிள் வாங்கினானே, அதே நடுவரிசை வலக்கையனைப் போட்டேன். இரண்டு மாதத்தில் 19 சேவ் சேர்ந்துவிட்டது. சரக்கு அதேதான்; பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது. ஓக்லாண்ட் அணியின் பொது மேலாளர் பில்லி பீன் 1999 ஜூலையில் செய்த வித்தை உனக்கு மனப்பாடம்: சேவ்களால் விலை ஏறியிருந்த பில்லி டெய்லரை நியூயார்க் மெட்ஸுக்குத் தள்ளிவிட்டு, காயத்தால் மங்கிப் போயிருந்த ஜேசன் இஸ்ரிங்ஹவுசனை வாங்கி, அடுத்த க்ளோசராக அவரையே நிறுத்தினார். அதே வாய்ப்பு எனக்கும் வந்திருக்கிறது. இந்த ஆண்டு லீக்கில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனுடைய க்ளோசருக்கு முழங்கையில் காயம். நம் வலக்கையனைக் கேட்டு மூன்று நாளில் நான்கு முறை எழுதிவிட்டான். பதிலுக்கு, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நின்று பந்து பிடிக்கும் பத்தொன்பது வயது ஷார்ட்ஸ்டாப் ஒருவனைத் தருவதாகச் சொல்கிறான். பிரமாதமான பையன், உன் இடக்கையனைப் போலவே.

எடுத்துக்கொள்ளலாம். விதிப்படி குற்றமில்லை, கர்னல் என்னிடம் செய்ததும் இதுதான். ஆனால் அந்தப் பையன் நேற்று அனுப்பிய செய்தியில், 19 சேவ் என்பதற்குப் பின்னால் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தான். போன குளிர்காலத்தில் கர்னலுக்கு எழுதியபோது, 44-க்குப் பின்னால் நானும் அப்படித்தான் போட்டிருந்தேன். தேடி எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்து கை ஓடவில்லை. இந்த வலக்கையன் எப்படிப்பட்டவன் என்று அவனிடம் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விலை பேசுவதா, வாயை மூடிக்கொண்டு ஷார்ட்ஸ்டாப்பை வாங்கிக்கொள்வதா?

ஆள் மாற்றிக்கொள்ளும் டிரேட்டுக்குக் கடைசி நேரம் வெள்ளி இரவு பதினொன்று, உன் டல்லாஸ் கணக்கில் பத்து. அதற்குள் எழுது. இடக்கையனைப் பற்றி நீ திட்ட நினைப்பதையெல்லாம் தனிக் கடிதமாக அனுப்பு. அதை நிதானமாகப் படித்துக்கொள்கிறேன்.

என்றும் உன்,
ரகு