மன்னருக்கு மட்டும் இல்லாத உரிமை: நோர்வே பாராளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஸ்டோர்ட்டிங் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நோர்வே அரசியலமைப்பின் 4ஆம் உறுப்புரை ஒரே ஒரு வசனம். மன்னர் எப்போதும், மார்ட்டின் லூத்தர் வழிவந்த கிறிஸ்தவப் பிரிவான எவாஞ்சலிக்க லூத்தரன் மதத்தை ஏற்று அறிக்கையிடுபவராக இருக்க வேண்டும் என்கிறது. அந்த வசனத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நோர்வேஜிய மொழியில் எழுதியது உங்களுக்குத் தனியே வரும். உங்களைத் தெரிவுசெய்கிறவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களும் இதை வீட்டில் பேச வேண்டும் என்பதற்காகத் தமிழிலும் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்த சைவப் பெண். 1987இல் இங்கே வந்தேன். முதல் ஆறு வருடம் நாட்டின் வடகோடியிலுள்ள பின்மார்க்கில் ஒரு மீன் ஆலையில் வேலை. இப்போது ஒஸ்லோவில் இருக்கிறேன். "மன்னர் எந்த மதமாக இருந்தால் உனக்கென்ன?" என்று எங்கள் கோயில் வாசலிலேயே கேட்டார்கள். மனச்சாட்சி சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தில் ஒருவரைச் சட்டம் கட்டிவைத்திருப்பது, நான் பிரஜையாக இருக்கிற நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதனால் எனக்கு அதில் பேச்சு இருக்கிறது.

அதே அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரையைப் பாருங்கள். நாட்டில் வாழும் எல்லோருக்கும் தங்கள் மதத்தைச் சுதந்திரமாகப் பின்பற்றும் உரிமை உண்டு என்று அது தொடங்குகிறது. நோர்வேத் திருச்சபை மக்கள் திருச்சபையாகத் தொடரும், அதை அரசு ஆதரிக்கும் என்கிறது. பிறகு, எல்லா மதச் சமூகங்களும் வாழ்க்கைநோக்குச் சமூகங்களும் சமமாக ஆதரிக்கப்பட வேண்டும் என்று முடிகிறது. இது வெறும் எழுத்து அல்ல என்பதற்கு நாங்களே சாட்சி. பதிவு செய்த மதச் சமூகங்களுக்கு உறுப்பினர் தொகையைப் பார்த்து அரசு பணம் கொடுக்கிறது. ஒஸ்லோவின் அம்மெருட்டில் முருகன் கோயில் இருக்கிறது. கத்தோலிக்கத் தமிழர் தங்கள் பூசைக்குப் போகிறார்கள். ஒரு மதமும் வேண்டாம் என்கிற நோர்வேக்காரர் மனிதநேயச் சங்கத்தில் சேர்கிறார்கள். யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் அந்த "எல்லோருக்கும்" என்ற சொல்லுக்குள் ஒரே ஒருவர் மட்டும் அடங்கவில்லை. அரண்மனையில் இருப்பவர்.

இந்த வசனம் எங்கிருந்து வந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துவந்து எனக்குச் சொன்னதுதான். 1814 வசந்தத்தில் எய்ட்ஸ்வோல் மாளிகையில் 112 பேர் கூடி, சில கிழமைகளுக்குள் ஓர் அரசியலமைப்பை எழுதி முடித்தார்கள். மே 17 அன்று கையெழுத்து. அந்தக் காலத்து ஐரோப்பாவில் அது துணிச்சலான ஆவணம். மன்னரின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தியது, புதிதாகப் பிரபுப் பட்டங்கள் உருவாகாமல் தடுத்தது, கணிசமான விவசாயிகளுக்கும் வாக்குக் கொடுத்தது. அதே ஆவணத்தின் 2ஆம் உறுப்புரையோ, லூத்தரன் மதமே அரச மதம் என்றது. கத்தோலிக்கரான யேசு சபையினரும் துறவற சபைகளும் நாட்டில் பொறுத்துக்கொள்ளப்படமாட்டார்கள் என்றது. யூதர் நாட்டுக்குள் வரவே கூடாது என்றது. மன்னரின் மதத்தைச் சொல்லும் 4ஆம் உறுப்புரை அதே மனப்பான்மையில் எழுதப்பட்டது. ஒரே கை, ஒரே மை.

அந்த யூதர் தடையை ஆதரித்து நின்றவர்களில் ஒருவர் நிக்கொலாய் வெர்கெலாண்ட் என்ற மதகுரு. அதை எடுக்கச் சொல்லிப் போராடியவர் அவருடைய மகன், கவிஞர் ஹென்ரிக் வெர்கெலாண்ட். மகன் 1839இல் முன்மொழிவைக் கொடுத்தார். 1842இல் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மை கிடைத்தது, அரசியலமைப்பைத் திருத்தத் தேவையான மூன்றில் இரண்டு கிடைக்கவில்லை. 1845இல் மறுபடி தோல்வி. அந்த வருடமே 37 வயதில் அவர் இறந்துபோனார். 1848இலும் தோற்றது. 1851இல்தான் தடை நீங்கியது. அவருடைய கல்லறையில் இருக்கும் நினைவுத்தூண், நோர்வேக்கு வெளியே வாழ்ந்த யூதர்கள் நன்றியாக எழுப்பியது. யாருக்காகப் பேசினாரோ அவர்களால் இந்த நாட்டுக்குள் வந்து அவரைப் பார்க்கக்கூட முடியாமல் இருந்தது. பல வருடம் முந்தி ஒரு மே 17 காலையில் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கல்லறைக்குப் போனேன். பிள்ளைகள் கையில் கொடி, நான் சேலை. அங்கே நின்றபோது, இந்த அரசியலமைப்பு என்னுடையதும்தான் என்ற எண்ணம் எனக்கு முதல்தடவை வந்தது.

துறவற சபைகள் மீதான தடை 1897இல் போனது. யேசு சபையினர் மீதான தடை 1956வரை இருந்தது. 2012 மே மாதம் நீங்கள் பெரிய திருத்தம் ஒன்று செய்தீர்கள். அரச மதம் என்ற சொல் போனது. அமைச்சர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அரச திருச்சபையில் இருக்க வேண்டும் என்ற விதி போனது. லூத்தரன் பெற்றோர் பிள்ளைகளை அதே மதத்தில் வளர்க்கக் கடமைப்பட்டவர்கள் என்ற வரியும் போனது. 2017 ஜனவரி 1 தொடக்கம் மதகுருமார் அரச ஊழியர்களும் அல்ல. ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசியில் ஒரு மனிதரின் கழுத்தில் மட்டும் அந்தக் கயிற்றை விட்டுவைத்திருக்கிறீர்கள்.

நான் முடியாட்சிக்கு எதிராக எழுதவில்லை. நாட்டைக் குடியரசாக்கும் முன்மொழிவு உங்கள் சபைக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, தோற்கிறது. அந்த விவாதம் வேறு. மன்னர்மீது மதிப்பு இருப்பதால்தான் இதை எழுதுகிறேன், அந்த மதிப்பு எனக்கு வந்ததும் மனச்சாட்சி பற்றிய ஒரு கதையால்தான்.

1905இல் சுவீடனுடனான ஒன்றியம் முறிந்தபோது, டென்மார்க் இளவரசர் கார்லுக்கு நோர்வேயின் முடியைக் கொடுக்க முன்வந்தார்கள். அவர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. மக்களுக்கு மன்னர் வேண்டுமா என்று முதலில் அவர்களைக் கேளுங்கள் என்றார். நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது, ஐந்தில் நான்கு பங்கினர் அளவில் ஆம் என்றார்கள். பிறகுதான் அவர் ஏழாம் ஹாகோன் ஆனார். 1940 ஏப்ரல் 9 ஜேர்மனி படையெடுத்தது. மறுநாள் ஜேர்மன் தூதர் பிரவர் எல்வெருமில் மன்னரைச் சந்தித்து, நாஜிகளை ஆதரித்த நோர்வே அரசியல்வாதி குவிஸ்லிங்கைப் பிரதமராக நியமிக்கும்படி கேட்டார். மன்னர் தன் அமைச்சரவையிடம் சொன்னதன் சாரம் இதுதான்: முடிவு உங்களுடையது, ஆனால் மக்களும் ஸ்டோர்ட்டிங்கும் நம்பாத ஒருவரை என்னால் நியமிக்க முடியாது, நீங்கள் ஏற்பதாக இருந்தால் நான் முடியைத் துறக்கிறேன். அமைச்சரவை அவரோடு நின்றது. அடுத்த நாள் அவர்கள் தங்கியிருந்த நூபெர்க்சுண்ட் கிராமத்தின்மேல் குண்டு விழுந்தது.

அன்று அரசியலமைப்பைக் காப்பாற்றியது ஒரு மனிதரின் மனச்சாட்சி. "என்னால் முடியாது" என்று சொல்லும் உரிமையை அவர் தானே எடுத்துக்கொண்டார். பின்பு குவிஸ்லிங் அதிகாரத்துக்கு வந்ததும் 1942இல் செய்த வேலைகளில் ஒன்று, யூதரைத் தடுக்கும் அந்தப் பழைய வரியை மறுபடி அரசியலமைப்பில் சேர்த்தது. அதே வருடம் யூதர்களைக் கப்பலில் ஏற்றி நாஜி முகாம்களுக்கு அனுப்பினார்கள், அவர்களில் மிகச் சிலரே உயிரோடு திரும்பினார்கள். மன்னரின் மனச்சாட்சி எந்தப் பக்கம் நின்றது, மதத்தின் பெயர் சொல்லி எழுதிய வரி யாருக்கு உதவியது என்று யோசித்துப் பாருங்கள். அப்படிப்பட்ட மனச்சாட்சியை நம்பி நாட்டையே ஒப்படைத்திருக்கிறோம். கடவுளை எப்படிக் கும்பிடுவது என்பதில் மட்டும் அதை நம்பமாட்டோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

சரி, மன்னருக்கே இதில் குறை இல்லையே என்பீர்கள். இருக்கட்டும். மன்னர் ஐந்தாம் ஹரால்ட் பக்தியோடு தேவாலயத்துக்குப் போகிறவர், அதை மதிக்கிறேன். அந்த வசனத்தை எடுத்தாலும் அவர் அதே தேவாலயத்துக்குத்தான் போவார். அப்போது அது அவர் விரும்பிப் போவதாக இருக்கும். 2016 செப்டெம்பர் 1 அன்று அரண்மனைப் பூங்காவில் அவர் பேசியதை எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டோம். நோர்வேக்காரர் கடவுளை நம்புகிறார்கள், அல்லாஹ்வை நம்புகிறார்கள், எல்லாவற்றையும் நம்புகிறார்கள், ஒன்றையும் நம்பாமலும் இருக்கிறார்கள் என்றார். தன் பாட்டன் பாட்டியும் டென்மார்க்கிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள்தான் என்றார். என் கணவர் தொலைக்காட்சிக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படி எல்லோரையும் சேர்த்துப் பேசியவருக்கு, தான் சொன்ன அந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் தொட அனுமதி.

இது வெறும் அடையாளம், யாருக்கும் நட்டமில்லை என்பது இன்னொரு பதில். இந்த ஒரு பதிலை மட்டும் எங்களிடம் சொல்லாதீர்கள். நாங்கள் விட்டுவந்த நாட்டின் அரசியலமைப்பு பௌத்த மதத்துக்கு முதன்மையான இடம் கொடுக்கிறது. 1972இல் எழுதினார்கள், 1978இலும் 9ஆம் உறுப்புரையாக வைத்துக்கொண்டார்கள். மற்ற மதங்களின் உரிமையும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அதுவும் அடையாளம் என்றுதான் சொன்னார்கள். நோர்வேயும் இலங்கையும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை, அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் அடிப்படைச் சட்டத்தில் ஒரு மதத்தின் பெயர் எழுதப்பட்டால், அந்த மதத்தில் இல்லாத பிள்ளை அதை எப்படி வாசிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் நாட்டின் தலைவர் எங்களில் ஒருவராக இருக்கவே முடியாது என்று அந்தப் பிள்ளை வாசிக்கும்.

பிடிக்காவிட்டால் மன்னர் முடியைத் துறக்கலாமே என்றும் ஒருவர் என்னிடம் சொன்னார். வேலையை விட்டால் மதம் மாறலாம் என்று எந்த முதலாளியும் இந்த நாட்டில் ஒரு சாதாரணத் தொழிலாளியிடம் சொல்ல முடியாது. மதகுரு வேலைக்கு மதம் தேவை, அது எனக்கு விளங்குகிறது. மன்னர் இப்போது திருச்சபையின் தலைவர் அல்லவே. வெள்ளிக்கிழமைகளில் அமைச்சர்கள் கூடும் அரச சபைக்குத் தலைமை தாங்குவதற்கும், அமைச்சரவை தீர்மானித்ததில் கையெழுத்து வைப்பதற்கும், ஒக்டோபரில் உங்கள் கூட்டத்தொடரைத் திறந்துவைப்பதற்கும் லூத்தரனாக இருப்பது எதற்கு? நெதர்லாந்து, பெல்ஜியம், ஸ்பெயின் அரசியலமைப்புகளில் மன்னருக்கு இப்படி ஒரு கட்டளை இல்லை. அங்கே முடியாட்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால் நான் உண்மையில் நினைப்பது இப்போதைய மன்னரை அல்ல, அவருடைய பேத்தி இங்கிரிட் அலெக்சாண்ட்ராவை. அந்தப் பிள்ளை 2004 ஜனவரியில் பிறந்தது. என் கடைசி மகளும் அதே வருடம்தான். 1990இல் நீங்கள் செய்த திருத்தத்தால் இப்போது மூத்த பிள்ளை பெண்ணாக இருந்தாலும் முடி அவருக்கே. அதனால் ஒருநாள் அவர் இந்த நாட்டின் ராணியாக இருப்பார். இரண்டு பிள்ளைகளும் ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின்கீழ் வளர்ந்தார்கள். 15 வயதானால் பிள்ளை தானே முடிவெடுத்து ஒரு மதச் சமூகத்தில் சேரலாம், விலகலாம் என்கிறது உங்கள் சட்டம். என் மகள் 15 வயதில் என்னிடம் வந்து, அம்மா, எனக்குக் கோயிலில் நம்பிக்கை இல்லை, உறுப்பினர் பதிவிலிருந்து பெயரை எடுக்கப்போகிறேன் என்றாள். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் அவளுக்கு அந்த உரிமையைக் கொடுத்த நாட்டின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிறகு அவள் தானாகவே ஒரு தைப்பூசத்துக்கு என்னோடு வந்தாள். அவள் வராவிட்டாலும் அது அவளுடைய முடிவு. அவள் வயதுப் பிள்ளை அரண்மனையில் திடப்படுத்தல் (திருச்சபை நம்பிக்கையைத் தானே உறுதிசெய்யும் சடங்கு) பெற்றபோது, "இல்லை" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? முடியை விட வேண்டும், அல்லது உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வாழ வேண்டும். 15 வயதுப் பிள்ளைக்கு முன்னால் வைக்கிற கேள்வியா அது? தான் தெரிவு செய்யாத ஒரு பதவிக்காக, பிறந்த நாளிலிருந்தே தெரிவில்லாத ஒரு நம்பிக்கை.

சில வருடங்களுக்கு முன் ஒஸ்லோ நகரசபை மண்டபத்தில் பிரஜாவுரிமை விழாவுக்கு என் தம்பியின் மனைவியோடு போனேன். புதிய பிரஜைகள் எழுந்துநின்று, நோர்வேக்கும் நோர்வேச் சமூகத்துக்கும் விசுவாசமாக இருப்பேன், ஜனநாயகத்தையும் மனித உரிமைகளையும் ஆதரிப்பேன், நாட்டின் சட்டங்களை மதிப்பேன் என்று உறுதி சொன்னார்கள். அதில் கடவுளும் இல்லை, மன்னரும் இல்லை. எங்களிடம் நீங்கள் கேட்ட உறுதி அவ்வளவுதான், அது போதுமானதாக இருந்தது. 9ஆம் உறுப்புரையின்படி மன்னர் உங்கள் முன்னால் எடுக்கும் சத்தியமும், முடிவில் கடவுளின் துணையைக் கேட்பதைத் தவிர, ஏறக்குறைய அதுதான்: அரசியலமைப்புக்கும் சட்டங்களுக்கும் ஏற்ப ஆளுவேன் என்பது. அந்தச் சத்தியம் போதும்.

இனி வேலையைப் பற்றி. 121ஆம் உறுப்புரை காலம் குறித்திருக்கிறது. 2025இல் தெரிவான நீங்கள் உங்கள் முதல் மூன்று கூட்டத்தொடர்களுக்குள், அதாவது 2028 செப்டெம்பர் முடிவதற்குள், முன்மொழிவை வைக்க வேண்டும். 2029 தேர்தலுக்குப் பிறகு வரும் ஸ்டோர்ட்டிங் அதன்மேல் வாக்களிக்கும், மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இடையில் தேர்தலை வைத்ததே மக்கள் யோசிக்கட்டும் என்பதற்காகத்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் இந்தத் தவணையைத் தவறவிட்டால் இன்னும் நான்கு வருடம் தள்ளிப்போகும்.

சாதாரணப் பிரஜை எழுதிய முன்மொழிவையும் உங்களில் ஒருவர் ஏற்றுக்கொண்டால் சபையில் வைக்கலாம். என்னுடையது இணைப்பில் இருக்கிறது. அரைப் பக்கம். "4ஆம் உறுப்புரை நீக்கப்படுகிறது" என்பதுதான் அதன் முக்கிய வரி. வசனத்தைத் திருத்தவேண்டி இருந்தால் திருத்துங்கள். எந்தக் கட்சி என்று நான் பார்க்கவில்லை. இடது, வலது, நடு, கிறிஸ்தவக் கட்சி, யாராக இருந்தாலும் சரி. உண்மையில் கிறிஸ்தவக் கட்சியைச் சேர்ந்த ஒருவர் கையெழுத்து வைத்தால் எனக்கு மிகவும் சந்தோஷம், ஏனென்றால் கட்டாயத்தில் வரும் விசுவாசம் விசுவாசம் அல்ல என்பதை லூத்தரைப் படித்தவர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள்.

உங்களில் எவரும் என்னை அழைத்தால், எந்த நாளானாலும் ஸ்டோர்ட்டிங்குக்கு வருகிறேன். மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒஸ்லோவில் வாழும் ஒரு நோர்வேப் பிரஜை