மாமாவுக்கு, ஐந்து பிராங்க் காசுடன்

பேர்ண், சுவிற்சர்லாந்து
சித்திரை மாதக் கடைசி

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள், மாமி, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நான் நல்ல சுகம். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுத்தால் எல்லோரோடும் கதைக்கிறேன். உங்கள் கைக்கு வந்ததும், "விளங்கவில்லைப் பிள்ளை, கடிதம் போடு" என்று சொல்லி மாமியிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இதைப் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்கு ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். உறைக்குள் ஒரு காசு இருக்கிறது. அதைச் செலவழித்துவிட வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இங்கே இப்போதுதான் குளிர் விடுகிறது. வேலை அதே முதியோர் இல்லத்துச் சமையலறைதான். காலை ஆறு மணிக்குப் போனால் பின்னேரம் மூன்று மணிக்கு விடுவார்கள். ஜேர்மன் மொழி முந்தியைவிடப் பரவாயில்லை. ஆனால் இந்த ஊர்க்காரர் தங்களுக்குள் பேசுகிற பேர்ண் பேச்சு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

போன மாதம் சமையலறையில் நடந்த ஒன்றை உங்களுக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இல்லத்தில் தொண்ணூறு வயது தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். வடகிழக்கே அப்பென்செல் என்று மலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்குச் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்து, தட்டில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு மண் சட்டியைக் காட்டி எடுத்துத் தரச் சொன்னார். பால் கறந்து வைக்கிற சட்டி போல, உள்ளே மினுக்குப் பூசியது. மடியிலிருந்து ஐந்து பிராங்க் காசு ஒன்றை எடுத்தார். சட்டியை இடது உள்ளங்கையில் ஏந்தி, காசை உள்சுவரில் ஓடவிட்டு, கையை மெல்லச் சுழற்றினார். காசு விழவில்லை, மாமா. விளிம்பில் நின்றபடி சட்டியின் உட்சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அதிலிருந்து எழுந்த ஒலியைத் தம்புரா என்று சொல்லலாமா, தேன்கூட்டுக்குப் பக்கத்தில் காது வைத்தது போல என்று சொல்லலாமா, எனக்குத் தெரியவில்லை. ஒரே சுருதி, அறுபடாத சுருதி. அதைப் பிடித்துக்கொண்டு அவர் சொல் இல்லாத ஒரு மலைப்பாட்டை முனகினார். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த நாங்கள் நான்கு பேரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டோம்.

அவர் கை சுழன்ற விதத்தைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. அரிக்கன் சட்டியில் கல் போக அரிசி அரிக்கும்போது அம்மாவின் மணிக்கட்டு இப்படித்தான் போகும். வேகமும் இல்லை, நிற்பதும் இல்லை. பிறகு நான் கேட்டு வாங்கிச் செய்து பார்த்தேன். பதினொரு முறை காசு கவிழ்ந்தது. பன்னிரண்டாவது முறை ஓடியது. அப்போது தெரிந்தது, அந்த ஒலி காதுக்கு வரும் முன்னரே கைக்கு வந்துவிடுகிறது என்று. உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை வரைக்கும் ஒரு நடுக்கம் ஏறுகிறது.

அப்பென்செலில் இது பழைய வழக்கமாம். ஒன்றைவிட ஒன்று பெரிதான மூன்று சட்டிகளை எடுத்துக்கொண்டு மூன்று சுருதியில் சுழற்றுவார்கள், மற்றவர்கள் பாடுவார்கள். மாட்டின் கழுத்தில் கட்டுகிற பெரிய மணிகளையும் அப்படியே மூன்றாகச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகத் தெரிந்தெடுத்து, ஆட்டிக்கொண்டே பாடுகிறார்கள். நம்முடைய எருமைகளின் மரமணிகள் குளத்துக்கட்டால் வரும்போது எழுப்புகிற ஓசையை நினைத்துப் பாருங்கள். அதற்கு ஒத்த மணி பார்த்துக் கட்டவேண்டும் என்று நமக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

இதற்குப் பிறகு வாத்தியம் என்று எங்கே எதைக் கண்டாலும் நின்றுவிடுகிறேன். பேர்ண் பழைய நகரத்தில் கடைகளுக்கு முன்னால் வளைவு வளைவாகக் கல் மண்டபம் ஓடுகிறது, மொத்தம் ஆறு கிலோமீட்டர். அதன் கீழே ஒரு பொடியன் சனிக்கிழமைகளில் ஓர் இரும்புப் பாத்திரத்தை மடியில் வைத்துத் தட்டுவான். இரண்டு தாச்சிகளை வாயோடு வாய் வைத்து ஒட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு வடிவம். மேல்பக்க நடுவில் ஒரு குமிழ், அதைச் சுற்றி ஏழு எட்டுப் பள்ளங்கள். கம்பு கிடையாது, விரல்தான். ஒவ்வொரு பள்ளத்தையும் தொட்டால் ஒரு சுரம், அதன் மேல் ஸ்தாயி, அதற்கும் மேலே பஞ்சமம் என்று மூன்றும் ஒரு தட்டில் எழும்பும்படி சுத்தியலால் அடித்துச் சுருதி கூட்டியிருக்கிறார்கள்.

அதன் பெயர் ஹாங். பேர்ண் பேச்சில் 'கை' என்று அர்த்தம். இந்த நகரத்தில்தான் 2000 ஆம் ஆண்டில் பிறந்திருக்கிறது. ஃபீலிக்ஸ் ரோனர், சபீனா ஷேரர் என்ற இருவர் செய்தார்கள். செய்ய வைத்தது எது என்று கேளுங்கள், மாமா. கடம்! ரேட்டோ வேபர் என்ற சுவிஸ் தாளக் கலைஞர் கடம் வாசிக்கிறவர். 1999 இல் அவர்களுடைய பட்டறைக்குப் போய், இந்தப் பானை போலக் கையால் தட்டக்கூடிய, ஆனால் சில சுரங்களும் உள்ள ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்துதான் எல்லாம். மானாமதுரையில் வனைகிற அந்த மண்பானைக்கு இங்கே ஒரு இரும்புப் பிள்ளை பிறந்திருக்கிறது. கீழ்ப்பக்கத்தில் குடத்து வாய் போல ஒரு துளையும் உண்டு. கடக்காரர் வாயை வயிற்றில் அணைத்தும் விலக்கியும் ஒலியை மாற்றுவதுபோல, இவர்கள் முழங்கால்களை நெருக்கியும் விரித்தும் அடித்தொனியை மாற்றுகிறார்கள். இதை அறிந்த அன்று எனக்கு இரவு நித்திரை வரவில்லை.

கடைசி ஆண்டுகளில் அதைக் கடையில் வாங்க முடியாதாம். வேண்டியவர்கள் ஏன் வேண்டும் என்று பட்டறைக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அவர்கள் அழைத்தால் பேர்ணுக்கு நேரே வந்து பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 2013 உடன் ஹாங் செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதைப் பார்த்து வேறு பலர் உலகம் முழுவதும் செய்கிறார்கள்.

ஹாங் செய்த இருவரும் அதற்கு முன்னர் ஸ்டீல் பான் செய்துவந்தவர்கள். அது திரினிடாட் தீவின் வாத்தியம். அந்தத் தீவில் கறுப்பின மக்களின் தோல் மேளங்களை 1880களில் வெள்ளைக்கார அரசு தடை செய்தது. அவர்கள் மூங்கிலை வெட்டி நிலத்தில் குத்தி அடித்தார்கள். பிறகு பிஸ்கட் தகரம், குப்பைத்தொட்டி மூடி, கடைசியில் எண்ணெய்ப் பரலின் அடியைக் குழியாக அடித்து அதில் சுரம் கண்டார்கள். 1951 இல் லண்டன் வரை கொண்டுபோய் வாசித்தார்கள். இன்று அது அந்த நாட்டின் தேசிய வாத்தியம்.

இதைப் படிக்கும்போது என் கண் முன்னால் நின்றது நீங்கள்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் நமது. 2009 இல் உங்கள் உடுக்கு எங்கே விழுந்தது என்று எவருக்கும் தெரியாது. முகாமில், தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து, இரண்டு பால்மாப் பேணிகளை முதுகோடு முதுகு வைத்துப் பொருத்தி, சைக்கிள் ரியூப்பை இழுத்துக் கட்டி ஓர் உடுக்குச் செய்தீர்கள். இடையை நெரித்தால் சுருதி ஏறியது. அன்று இரவு அம்மன் காவியத்தில் இரண்டு அடி பாடினீர்கள், பக்கத்துக் கொட்டில்களிலிருந்து சனம் வந்து கூடியது. நான் சிறுபிள்ளை, உங்கள் மடியை ஒட்டி இருந்தேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை, அதையும் எழுதுகிறேன். பக்கத்து நாடான ஒஸ்திரியாவில், வியன்னா நகரத்தில், 1998 இலிருந்து ஒரு குழு காய்கறிகளில் வாத்தியம் செய்து வாசிக்கிறது. கரட்டைக் குடைந்து குழல், பூசணியில் மேளம், லீக்ஸ் இலையை உரசி வயலின். ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிதாகச் செய்கிறார்கள். படத்தில் பார்த்தபோது முதலில் மனம் சுட்டது. ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற எங்களுக்குச் சாப்பாடு விளையாட்டுப் பொருள் அல்ல. கச்சேரி முடிய, வந்தவர்களுக்குக் காய்கறி சூப் காய்ச்சிக் கொடுக்கிறார்கள் என்று அறிந்த பிறகுதான் ஆறுதலாக இருந்தது.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஸ்கொட்லாந்தில் எவெலின் கிளெனி என்று ஒரு பெண். 1965 இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் காது ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டது. அவர்தான் இன்று உலகம் அறிந்த தாளக் கலைஞர். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆயிரம் பேர் மேளம் கொட்ட முன்னின்று நடத்தியவர். மேடையில் செருப்பில்லாமல் நிற்பார், தரையின் அதிர்வு காலுக்குத் தெரிய வேண்டும் என்று. பள்ளியில் அவருடைய ஆசிரியர் சுவரில் கையை வைக்கச் சொல்லிப் பெரிய முரசை அடிப்பாராம். அடித்தொனி காலிலும் பாதத்திலும், மேல்தொனி முகத்திலும் கழுத்திலும் தெரிகிறது என்று அவர் பழகிக்கொண்டார்.

முகத்தில் என்றதும் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். மாத்தளனில் ஷெல் விழுந்த நாளோடு உங்கள் இடது காது போய்விட்டது. முகாமில் அந்தப் பேணி உடுக்கைச் செய்து முடித்ததும், அதைக் கன்னத்தோடு அணைத்து வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தீர்கள். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. யாரும் சொல்லித் தராமலே நீங்கள் அதை அறிந்திருந்தீர்கள், மாமா. பிறகு வலது காதும் மங்கியதும், "சுருதி தெரியாதவனுக்கு உடுக்கு எதற்கு" என்று சொல்லி விட்டுவிட்டீர்கள். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை என்னால் ஏற்க முடியவில்லை. சின்னவனுக்கு உடுக்குப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க முள்ளியவளையில் உங்களைவிட யார் இருக்கிறார்கள்?

காசைப் பற்றிச் சொல்கிறேன். அதன் விளிம்பைக் கண்ணாடி போட்டுப் பாருங்கள், 'ஆண்டவர் அருளுவார்' என்ற பொருளில் லத்தீன் எழுத்து பொறித்திருக்கிறது. அரிக்கன் சட்டி வேண்டாம், உள்ளே வரி இருப்பதால் காசு தடக்கும். மாமியிடம் உள் வழுவழுப்பான தயிர்ச் சட்டி ஒன்றை வாங்குங்கள். இடது உள்ளங்கையில் வையுங்கள், விரல்கள் சட்டியின் வயிற்றை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. காசைச் சுவரோடு சாய்த்து ஓடவிட்டு, அம்மா அரிசி அரிக்கிற மாதிரி சுழற்றுங்கள். விழுந்தால் திரும்பப் போடுங்கள். ஓடத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு, மணிக்கட்டில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பிறகு சட்டியைச் சின்னவனின் கையில் கொடுத்து அவனையும் கேளுங்கள். இரண்டு பேருக்கும் ஒன்றுதான் தெரிந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்