பெரியவன் கட்டுரையில் ஒரு வினைச்சொல்

அன்புள்ள நண்பா,

பதில் போட ரொம்பத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். மற்றபடி இந்தக் கடிதம் முழுக்க உன் பெரியவன் அனுப்பிய ஆங்கிலக் கட்டுரையைப் பற்றித்தான்.

'மை ஃபாதர் ஸ்க்வாண்டர்ட் ஹிஸ் சேவிங்ஸ் ஃபார் கிராண்ட்மாஸ் ட்ரீட்மென்ட்' என்று எழுதியிருக்கிறான். ஸ்க்வாண்டர் (squander) என்ற வினைச்சொல்லுக்கு அகராதியில் 'செலவழித்துத் தீர்' என்று கண்டதும் எடுத்துப் போட்டிருப்பான். இதை அப்படியே விட்டுவிடாதே. கையில் இருந்த நல்லதைப் புத்தியில்லாமல் வாரி இறைப்பதுதான் ஸ்க்வாண்டர். அந்தச் சொல்லுக்குள்ளேயே பழி இருக்கிறது. பெற்ற தாயின் வைத்தியத்துக்கு நீ கொட்டிய பணத்தை ஊதாரிச் செலவு என்கிறது அவன் வாக்கியம். பிள்ளை மனதில் நிச்சயம் அது இல்லை. 'ஸ்பென்ட் ஆல் ஹிஸ் சேவிங்ஸ் ஆன்' என்று மாற்றச் சொல், போதும்.

அந்த 'ஃபார்' நம் தமிழ்ப் பழக்கம். சூதாட்டத்துக்கு, துணிமணிக்கு என்று நாம் 'கு' போடும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஆன்' வரும்: 'ஹி ஸ்க்வாண்டர்ட் ஹிஸ் மணி ஆன் கேம்ப்ளிங்'. எதை அழித்தான் என்பதும் கூடவே வர வேண்டும். 'ஹி ஸ்க்வாண்டர்ஸ்' என்று மொட்டையாக நிறுத்தினால் காதுக்கு இடறும்.

மின்சாரம் போய் அரை நாள் வீணானால் அது வேஸ்ட்தான், அதில் யார் தப்பும் இல்லையே. இரண்டு கோல் முன்னே இருந்துவிட்டு மெத்தனத்தால் ஆட்டத்தைக் கோட்டை விட்டால், அது ஸ்க்வாண்டர். பணம், நேரம் மட்டுமல்ல. வாய்ப்பு, திறமை, நல்ல பெயர் எல்லாவற்றோடும் சேரும்.

சில்லறை சில்லறையாகக் கரைப்பதற்கு ஃப்ரிட்டர் இருக்கிறது, பின்னால் 'அவே' வரும். நீ போனை நோண்டியே பொழுதைப் போக்குகிறாயே, அது இந்த ரகம். ஆசைப்பட்டு ஒரு நாள் தாராளமாகச் செலவு செய்தால் ஸ்ப்ளர்ஜ்; அதில் அவ்வளவு பழி கிடையாது.

உச்சரிப்பையும் பார்த்துக்கொள். ஸ்க்வேண்டர் என்று சொல்கிறவர்கள் உண்டு. வாட்ச், வாஷ் என்பதில் வருகிற ஆங்கில 'a' எழுத்தின் ஒலிதான் இதிலும். முதல் அசையில் அழுத்தம்.

திருத்தியதும் எனக்கு அனுப்பச் சொல். பாட்டியைப் பற்றிய இரண்டாம் பத்தி அருமை, அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

அன்புடன்,
உன் நண்பன்