ஊர்ச் சாவடித் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் பெருமக்களுக்கு வணக்கம்.

ஊர்ச் சாவடியின் திருப்பணி நிறைவுற்று, புதுப்பிக்கப்பட்ட கட்டடம் கிராம ஊராட்சியிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டுவிட்டது. வரவு செலவுப் பட்டியலும் அளவுப் புத்தகத்தின் நகலும் ரசீதுகளும் தனி இணைப்பாக வைக்கப்பட்டுள்ளதால், அவற்றில் உள்ள தொகைகளை இங்கே மறுபடியும் எழுதவில்லை. ஒரே கொடையாளரின் பணத்தில் விரைவாக முடிந்திருக்கக்கூடிய வேலையைக் கிராம சபை வழியாகக் கொண்டுபோய் இழுத்தடித்தது ஏன் என்று உறுப்பினர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்று குழு கருதுவதால், இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதற்கான விடையாகவே அமைகிறது.

வெளியூரில் தொழில் செய்யும் நம் ஊர்க்காரர் ஒருவர் முழுச் செலவையும் தாமே ஏற்பதாகச் சொன்னது உண்மை. முகப்பில் தம் பெற்றோர் பெயரில் ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும், வேலையைத் தாம் அனுப்பும் ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும் என்பவை மட்டுமே அவருடைய நிபந்தனைகள். அவருடைய நல்லெண்ணத்தில் குழுவுக்கு ஐயமில்லை. ஆனால் அவர் கட்டிக்கொடுக்கும் சாவடியில் எந்தச் சுவரை இடிப்பது, யார் எங்கே உட்காருவது, எவ்வளவு சிமெண்ட் போட்டார்கள் என்று கேட்கும் உரிமை ஊரில் எவருக்கும் இருக்காது. தானமாக வந்ததில் குறை சொல்வதா என்ற ஒரு வாக்கியத்திலேயே எல்லாக் கேள்விகளும் அடங்கிவிடும். ஆகவே மொத்த மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் எஞ்சியதை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டத்தின் கீழ் செய்யலாம் என்று குழு பரிந்துரைத்தது. கிராம சபை ஏற்றது. அந்தப் பெரியவரும் பிறகு மற்றவர்களைப் போல ஒரு பங்கு செலுத்தி, மற்றவர்களைப் போலவே ஒரு ரசீது பெற்றுக்கொண்டார் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறோம்.

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரையும் கொண்ட அவையே கிராம சபை என்று வரையறுத்தது. கிராமத் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பரிசீலித்து ஏற்பது, ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்ட திட்டங்கள் எந்த நிலையில் உள்ளன என்று கேட்பது ஆகியவற்றை அந்தச் சபையின் வேலையாக 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வகுத்திருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் 2022இல் சேர்க்கப்பட்டு, இப்போது ஆண்டுக்கு ஆறு நாள்கள் சபை கூடுகிறது. இவையெல்லாம் பலருக்கும் தெரிந்தவைதாம். தெரிந்திருந்தும், கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு நான்கு பேர் நிழலில் நின்று கையெழுத்துப் போடுவதையே நாம் நெடுங்காலம் கிராம சபை என்று சொல்லி வந்தோம்.

திருப்பணி தொடர்பான முதற்கூட்டமே கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, இல்லாமல் கலைந்தது. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்பது விதி. அந்த எண்ணிக்கை சேராதபோது வீடு வீடாகப் பதிவேட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று சிலர் யோசனை கூறினர். குழு அதை ஏற்கவில்லை. 2022இல் அரசு தண்டோராவைத் தடை செய்த பிறகு, அறிவிப்பு என்பது ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் ஒரு தாளாகச் சுருங்கிவிட்டிருந்தது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவித்ததோடு, எந்தெந்தப் பொருள்கள் விவாதத்துக்கு வருகின்றன என்பதையும் சேர்த்துச் சொன்ன பிறகே கூட்டம் சேர்ந்தது. ‘அனைவரும் வருக’ என்பதற்கு வராதவர்கள், ‘சாவடியின் தெற்குச் சுவரை எடுப்பதா வேண்டாமா’ என்பதற்கு வந்தார்கள்.

தீர்மானப் புத்தகம் பற்றி உறுப்பினர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். வந்தவுடன் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிறகு நிதானமாக எழுதிக்கொள்ளும் பழக்கம் பல ஊர்களில் உண்டு; நம் ஊரும் அதற்கு விலக்காக இருந்ததில்லை. இம்முறை ஒவ்வொரு தீர்மானமும் கூட்டத்திலேயே எழுதப்பட்டு, ஒலிபெருக்கியில் உரக்க வாசிக்கப்பட்டு, திருத்தங்கள் அங்கேயே செய்யப்பட்டன. கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் இடையில் மிஞ்சிய வெற்றிடத்தில் குறுக்குக்கோடு இழுக்கப்பட்டது. பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள யாரையும் தடுக்கவில்லை. குறுக்குக்கோடு இழுப்பது ஊராட்சிச் செயலரை நம்பாதது போலாகாதா என்று ஒருவர் வருத்தப்பட்டார். செயலரே எழுந்து, பின்னாளில் தம்மீது பழி வராமல் இருக்க அந்தக் கோடு தமக்கும் பாதுகாப்பு என்று சொன்னதும் பேச்சு முடிந்தது.

இதற்கிடையில் எதிர்பாராத ஒரு வேலையும் சேர்ந்துகொண்டது. வருகைப் பதிவேட்டை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டபோது, கூட்டத்துக்கு வந்திருந்த சிலர் பெயர் பட்டியலிலேயே இல்லை என்பது தெரிந்தது. திருமணமாகி இவ்வூருக்கு வந்த பெண்களும், பதினெட்டு நிரம்பிய பிள்ளைகளும், தெரு மாறிக் குடியேறியவர்களும் அவர்களில் அதிகம். பட்டியலில் பெயர் இல்லாதவர் சட்டப்படி கிராம சபையின் உறுப்பினர் ஆகமாட்டார். அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையும் யாருக்கும் இல்லாமல் போகும். எனவே இளைஞர் சிலர் பட்டியலைத் தெருவாரியாக வாசித்துச் சரிபார்த்து, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, இறந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7, முகவரி மாற்றத்துக்கும் பிழைதிருத்தத்துக்கும் படிவம் 8 என நிரப்பிக் கொடுக்க உதவினர். பதினெட்டு வயது நிரம்பியதா என்று கணக்கிடும் தகுதி நாளாக ஜனவரி 1ஐ மட்டுமே கொண்டிருந்த பழைய முறை மாறி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாளும் தகுதி நாளாகக் கொள்ளப்படுவதால், இனி இந்தச் சரிபார்ப்பை ஆண்டுக்கு ஒருமுறை என்று நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பது குழுவின் கருத்து.

மிக நீண்ட விவாதம் திண்ணையைப் பற்றியது. பழைய சாவடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் திண்ணையும், அதற்குக் கீழே மண்தரையும் இருந்தன. திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள், தரையில் யார் நின்றார்கள் என்பதை இந்த ஊரில் வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே இடத்தில் கிராம சபையைக் கூட்டினால் நாங்கள் எங்கே உட்காருவது என்று காலனித் தெருவைச் சேர்ந்த ஒரு பெண் கேட்டார். திண்ணை முன்னோர் அமைத்தது, கல்லைத் தொடக்கூடாது என்று மறுபுறம் குரல் எழுந்தது. அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று பேசிய அம்பேத்கர், கிராமத்தைக் குடியரசின் அடித்தளமாகக் கொண்டாடியவர்களை மறுத்து, குறுகிய ஊர்ப்பற்றும் அறியாமையும் தேங்கிய இடம் அது என்று சொன்னதைச் சபையில் ஓர் ஆசிரியர் நினைவூட்டினார். உடனே இன்னொருவர், சோழர் காலத்திலேயே ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையைக் கல்லில் வெட்டிவைத்த உத்திரமேரூரைச் சொன்னார்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி ஒரு சொல். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பொது ஆண்டு 919, 921 அளவில் வெட்டப்பட்ட அவை, குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பிரிவுகளிலிருந்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலை வழியாக, வாரியங்கள் எனப்பட்ட நிர்வாகக் குழுக்களுக்கு ஆள் எடுத்த முறையைச் சொல்கின்றன; வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர் என்ற விதியும் அவற்றில் உண்டு. அந்த விதியை இந்தக் குழு தனக்கும் பொருத்திக்கொண்டே இவ்வறிக்கையை எழுதுகிறது. ஆனால் அது சொந்த நிலமும் வீடும் வேதப் பயிற்சியும் உள்ள பிராமண ஆண்களின் சபை என்பதையும், நிலத்தை உழுதவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவ்வளவு தொலைவு போகவும் தேவையில்லை. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில், தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட காரணத்தால் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தலைவர் பதவியில் அமர முடியாமல் இருந்து, 2006 அக்டோபரில்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. எழுதிவைத்த சட்டம் ஊரின் உட்காரும் முறையைத் தானாக மாற்றிவிடாது.

கையுயர்த்தச் சொல்லி முடிவெடுக்கலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. யார் வயலில் யார் வேலை செய்கிறார், யாரிடம் யார் கடன் பட்டிருக்கிறார் என்பதெல்லாம் கையை உயர்த்தும்போது கண்முன் வந்து நிற்கும். ஆகவே, சபையின் ஒப்புதலோடு, அனைவருக்கும் ஒரே அளவிலான சீட்டு கொடுத்துக் கருத்தறிந்து, எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, அதன்பின் தீர்மானம் முறைப்படி நிறைவேற்றப்பட்டது. சீட்டுகளின் விவரம் தீர்மானப் புத்தகத்தில் உள்ளது. திண்ணைக் கற்கள் ஒன்றும் வெளியே போகவில்லை. அவற்றைப் பெயர்த்தெடுத்து, முழுத் தளத்துக்கும் ஒரே மட்டத்தில் பாவி, வாசலில் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் அமைக்கப்பட்டது. இம்முடிவோடு உடன்படாத குழு உறுப்பினர் இருவரின் மாற்றுக் கருத்தும் அவர்கள் எழுதிக்கொடுத்தபடியே இணைப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அவர்கள் கடைசி நாள் வரை வேலையில் உடனிருந்தார்கள்.

கட்டட வேலையைப் பொறுத்தவரை, முதல் மதிப்பீட்டில் சுவர் முழுவதற்கும் சிமெண்ட் பூச்சு என்று இருந்தது. மதிப்பீட்டின் நகலைப் பெறவே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்து, முப்பது நாள்களுக்குள் விடை வராமல், 19(1) பிரிவின் கீழ் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. தாமதத்தின் ஒரு பகுதி அங்கே சென்றது. நகல் வந்ததும் அதைக் கிராம சபையில் வரிவரியாக வாசித்தோம். சிமெண்ட் பூச்சு என்ற வரி வந்தபோது, பல ஆண்டுகளாகச் சித்தாள் வேலை செய்யும் அம்மா ஒருவர் எழுந்து, “சார், போன தடவை சிமெண்ட் பூசின இடந்தானே உப்புப் பூத்து உதிருது? சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடணும், அதை அடைச்சா எப்படி?” என்று பொறியாளரைக் கேட்டார். வந்திருந்த பொறியாளர் அதை எளிதாகத் தள்ளிவிடவில்லை. மறுநாள் சுவரைச் சுரண்டிப் பார்த்து, ஈரம் வெளியேற வழியின்றிச் சிமெண்ட் பூச்சின் பின்னால் தங்கிச் செங்கல்லை அரித்திருப்பதை ஒப்புக்கொண்டார். மதிப்பீடு திருத்தப்பட்டது. பழைய பூச்சு முழுவதும் கொத்தி எடுக்கப்பட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புக் காரை பூசப்பட்டது. மேல்தளத்தில் உளுத்த கட்டைகள் மட்டும் மாற்றப்பட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்துக் கெட்டித்து, மேலே தட்டையான ஓடு பதிக்கப்பட்டது. செலவு ஓரளவு கூடியது, காரணம் இதுதான்.

பணிகளை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு குடிமக்களுக்கு உரிமை தருகிறது. மணலில் மண் கலந்திருப்பதாக எழுந்த ஒரு புகாரில் இந்த உரிமையைப் பயன்படுத்துவோம் என்று சொன்ன அளவிலேயே அந்த லோடு திருப்பி அனுப்பப்பட்டதால், மாதிரி எடுக்க வேண்டிய தேவை எழவில்லை.

இவ்வளவையும் ஒரு சாவடிக்காகச் செய்ய வேண்டுமா என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஊராட்சியின் ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243இ பிரிவு கூறுகிறது. ஆனாலும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் 2019 டிசம்பர் இறுதியில்தான் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. எஞ்சிய ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த இடைவெளியில் ஊராட்சிகளை அரசு நியமித்த தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். தலைவரும் வார்டு உறுப்பினர்களும் இல்லாத காலத்திலும் கலையாமல் இருக்கும் அவை கிராம சபை ஒன்றே. கூடிப் பழகாத ஊரில், அத்தகைய காலம் வரும்போது திடீரென்று கூடிக் கேள்வி கேட்பது நடக்கிற காரியம் அல்ல. கோரம் சேர்ப்பது, தீர்மானத்தை வாசிக்கச் சொல்வது, மதிப்பீட்டைக் கேட்டு வாங்குவது ஆகியவற்றில் இந்தத் திருப்பணியின்போது கிடைத்த பழக்கம் சாலைக்கும் குடிநீருக்கும் அப்படியே பயன்படும் என்பதால், தாமதத்தை நியாயமானது என்றே குழு கருதுகிறது.

நிறைவேறாதவையும் உண்டு. பெண்களுக்கான கழிப்பறைக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தும் நிதி போதவில்லை. அடுத்த ஆண்டின் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டுள்ளது. பின்புற வடிகால் பக்கத்து மனைக்காரரோடு உள்ள எல்லைத் தகராறில் நிற்கிறது. நில அளவைக்கு மனு கொடுக்கப்பட்டிருக்கிறது.

மீதித் தொகை ஊராட்சிக் கணக்கில் செலுத்தப்பட்டு, ரசீது இணைப்பின் கடைசிப் பக்கத்தில் உள்ளது. சாவடியின் சாவிகளில் ஒன்று ஊராட்சி அலுவலகத்திலும் மற்றொன்று மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பிடமும் இருக்கும். கணக்குப் புத்தகங்களும் மூல ரசீதுகளும் அடுத்த கிராம சபை நாள் வரை அலுவலக நேரத்தில் சாவடியிலேயே பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்தில் கொடுத்தால் அது சபையில் வாசிக்கப்பட்டு அங்கேயே விடையளிக்கப்படும். கணக்கைச் சபை ஏற்கும் தீர்மானம் நிறைவேறும் நாளில் இக்குழு கலைந்ததாகக் கருதப்படும். பராமரிப்புக் குழுவுக்கு இக்குழுவில் இருந்தவர்கள் எவரும் போட்டியிடுவதில்லை என்று முடிவு செய்திருப்பதால், புதியவர்கள் தங்கள் பெயர்களை ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்