ஃபார்மட் செய்யாதே, கதிர்

அன்புள்ள கதிருக்கு,

அப்கிரேட் செய்த பிறகு லேப்டாப் கிளம்பவில்லை என்று நீ அனுப்பிய திரையின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, நாளைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடாதே. உன் ஆய்வேடு பெரும்பாலும் வைத்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும்.

‘கெர்னல் பேனிக்’ என்ற சொல்லைப் பார்த்துப் பயந்திருப்பாய். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மைய நிரல், அவ்வளவுதான். அதை விடு, அதே வரியின் மீதியைப் படி. ‘அன்ஏபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்’, கடைசியில் 0,0. அதாவது கெர்னலின் கண்ணில் வட்டே படவில்லை. இதைவிட நல்ல துப்பு, நீ போனில் போகிறபோக்கில் சொன்ன ஒன்று: வட்டின் பாஸ்வேர்டைக் கேட்கவே இல்லை என்றாயே, அதுதான்.

பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் உள்ள யுஇஎஃப்ஐ என்ற தொடக்க நிரல் எழுந்து, இயங்குதளத்தைக் கிளப்பிவிடும் கிரப் என்ற நிரலைக் கூப்பிடும். கிரப் இரண்டு கோப்புகளை ஏற்றும். ஒன்று கெர்னல், மற்றது இனிட்ராம்எஃப்எஸ். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் வட்டுக்கு வேண்டிய டிரைவர்களும் பூட்டிய வட்டைத் திறக்கும் நிரலும் அதற்குள்தான் இருக்கின்றன. ஊருக்குப் புதிதாக வருபவரைப் பஸ் ஸ்டாண்டில் இருந்து வீட்டுக்குக் கூட்டிப்போகிற ஆள் என்று வைத்துக்கொள். உன்னிடம் பாஸ்வேர்டு கேட்பதும் அந்த ஆள்தான். கேட்கவில்லை என்றால் ஆளே வரவில்லை.

ஏன் வரவில்லை? இந்த லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸின் 20.04 பதிப்பைப் போட்டபோதே வட்டை என்கிரிப்ட் செய்து, அதாவது பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டோம். அப்படிச் செய்தால் கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் வைக்க /பூட் என்று ஒரு தனிப் பகுதி ஒதுங்கும், அந்தப் பதிப்பில் 700 எம்பி சொச்சம்தான். வட்டில் மற்ற இடமெல்லாம் காலியாகக் கிடந்தாலும் அதற்கு உதவாது. பிறகு 22.04க்கு அப்கிரேட் செய்தாய், இப்போது 24.04க்கு. பழைய கெர்னல்கள் தங்கள் இனிட்ராம்எஃப்எஸ்களோடு அங்கேயே உட்கார்ந்திருக்கும். புதிய 6.8 கெர்னல் சின்னக் கோப்பு, நுழைந்துவிட்டது. அதன் ஜோடி பெரியது, அதை எழுதும்போது இடம் தீர்ந்துபோயிருக்கும். அப்கிரேட் ஓடும்போது ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று ஒரு வரி வந்து போயிருக்கும். ஆயிரம் வரிகளுக்கு நடுவே அதை யார் பார்க்கிறார்கள்!

சரி, செய்யவேண்டியது இதுதான். ஆன் செய்து, கம்பெனி லோகோ வந்து போகும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டு. பதற்றத்தில் பலமுறை தட்டினால் ‘கிரப்>’ என்று வெறும் கருப்புத் திரையில் நிற்கும். அப்படி நின்றால் ‘நார்மல்’ என்று டைப் செய்து என்டர் தட்டு, மெனு வந்துவிடும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய், எண் சிறியதாக உள்ள பழைய கெர்னலைத் தேர்ந்தெடு. பாஸ்வேர்டு கேட்டால் நான் சொன்னது சரி.

உள்ளே போனதும் எதையும் சரிசெய்ய ஆரம்பிக்காதே. முதலில் ஆய்வேட்டை ஒரு பென்டிரைவில் எடுத்துவை. அப்புறம் டெர்மினலில் ‘டிஎஃப்’ என்ற கட்டளை போட்டு /பூட் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார். ‘யுநேம் -ஆர்’ காட்டுகிற கெர்னலில்தான் நீ இப்போது நிற்கிறாய், அதைத் தொடக்கூடாது. அதற்கும் பழையவற்றை ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கழித்துவிடும். அடம்பிடித்தால் எனக்குச் சொல், எந்த பேக்கேஜை நீக்குவது என்று பார்க்கலாம். இடம் கிடைத்த பிறகு, பாதியில் நின்ற அப்கிரேட் வேலையை ‘டிபிகேஜி’ கட்டளை முடித்துவைக்கும். பிறகு 6.8க்கு இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கி, ‘அப்டேட்-கிரப்’ ஓட்டு. கட்டளைகளைக் காப்பி செய்ய வசதியாக வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? ஒரு பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மருந்து, சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை அழிப்பது. வட்டை என்கிரிப்ட் செய்துவிட்டு அதன் ரெக்கவரி கீயை எங்கேயோ தொலைத்தவர்கள்தான் அதிகம் திண்டாடினார்கள். உன் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வைத்திருக்கிறாயா?

பழைய கெர்னலும் கிளம்பாவிட்டால் நண்பன் கணினியில் ஒரு லைவ் யுஎஸ்பி, அதாவது உபுண்டுவை நேராகத் தன்னிலிருந்தே கிளப்பும் பென்டிரைவ், தயார் செய்துவை. அதிலிருந்து உள்ளே நுழையலாம், ஆனால் அதைத் தனியாகச் செய்யாதே. நாளை எனக்கு லேபில் பிராக்டிகல் இருக்கிறது. ஆறு மணிக்கு மேல் வீடியோ காலில் வா, திரையைக் காட்டு.

அன்புடன்,
அம்மா