மழையில்லாத நாளிலும் ஓடும் மழைநீர் வடிகால்கள்: சென்னை மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மாமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வேளச்சேரியில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

பல வாரங்களாக ஒரு துளி மழையும் பெய்யாத ஒரு மே மாதத்தில், எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலின் மூடியைத் திறந்து தூர் வாரினார்கள். உள்ளே கணுக்கால் அளவுக்குக் கறுத்த நீர் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் சோப்பு நுரையும் சோற்றுப் பருக்கைகளும் மிதந்தன. பக்கச் சுவரைத் துளைத்து நான்கு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை நுழைத்திருந்தார்கள். அது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்தே வருகிறது என்று தெரிந்தபோது வெட்கித் தலைகுனிந்தோம். என்றோ பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்ட நாளில் அவசரத்துக்கு இணைத்த குழாயை அதன்பின் எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. அதை அடைத்து, முறையான இணைப்பைச் சீராக்கினோம். அன்று முதல், வெயில் காலத்தில் எந்த வடிகால் மூடி திறந்திருந்தாலும் நின்று பார்க்கிறேன். அநேகமாக எல்லாவற்றிலும் நீர் ஓடுகிறது.

அந்த நீர் போகும் வழியை நீங்கள் அறிவீர்கள். எங்கள் பக்கத்து வடிகால்கள் வீராங்கால் ஓடையில் சேர்கின்றன. ஓடை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் இறங்குகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் முட்டுக்காடு கழிமுகத்துக்கும் செல்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற சதுப்பு நிலம் அது. பூநாரைகள் வந்து நிற்கும் அந்த நீரில் எங்கள் வீட்டுக் கழிவறையின் பங்கும் பல ஆண்டுகள் கலந்திருந்தது என்பதை இன்றும் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023-இல் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும், வடிகாலைப் பற்றி நாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எவ்வளவு விரைவாக வடிகிறது? இடுப்பளவு நீரில் நின்றவர்கள் அப்படிக் கேட்டதில் தவறில்லை, நானும் கேட்டேன். ஆனால் வடிகிற நீர் எதைச் சுமந்து செல்கிறது என்ற கேள்வியை உடன் சேர்த்துக் கேட்காததால், கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய கான்கிரீட் வடிகால்கள் பல இடங்களில் கழிவுநீரை நீர்நிலைக்குக் கொண்டு சேர்க்கும் நேர்வழியாகிவிட்டன. ஆண்டு முழுதும் கழிவுநீரும் சேறும் தங்கும் வடிகாலில், ஐப்பசி மழை வரும்போது மழைக்கு இடமிருப்பதில்லை. ஆகவே வெள்ளமும் நீரின் தூய்மையும் இரு வேறு பிரச்சினைகள் அல்ல.

சட்டம் இல்லாமல் இல்லை. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், மாசுபடுத்தும் பொருளை நீர்நிலைகளில் தெரிந்தே விடுவதைத் தடைசெய்கிறது. ஆனால் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மாசு அளவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு என்று பிரிந்து கிடப்பதால், ஒரே குழாய்க்குள் நடக்கும் ஒரே தவறு மூவரின் கோப்புகளிலும் முழுமையாக இடம்பெறுவதில்லை.

எனவே நான் உங்களிடம் கேட்பது ஒரு மன்றத் தீர்மானம். ஒவ்வொரு வடிகாலும் ஆற்றிலோ ஓடையிலோ ஏரியிலோ சேரும் வாயை எண்ணிட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கோடையில் ஒரு முறையும், முதல் மழையன்று ஒரு முறையும் அங்கே நீரெடுத்துச் சோதித்து, முடிவுகளை வார்டு வாரியாக வெளியிட வேண்டும். கோடையில் நீர் ஓடும் வாயிலிருந்து மேல்நோக்கித் தெருத் தெருவாகச் சென்றால் கள்ள இணைப்பு தானே அகப்படும். அதற்குப் பெரிய கருவிகள்கூடத் தேவையில்லை. முதல் மழைச் சோதனை வேறொன்றைக் காட்டும்: சாலையின் எண்ணெய்ப் பிசுக்கு, டயர்த் தூள், கட்டுமான இடங்களில் கழுவிவிடும் சிமெண்டுப் பால் ஆகியவை மழையின் தொடக்கத்திலேயே பெருமளவில் அடித்துச் செல்லப்படுகின்றன. கட்டட அனுமதி தரும்போதே, சிமெண்டுக் கலவை கழுவிய நீரை வளாகத்துக்குள்ளேயே தொட்டியில் தெளியவைக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம்.

தூர் வாரிய சேற்றை வடிகாலின் கரையிலேயே குவித்துவிட்டுப் போகும் வழக்கமும் நிற்க வேண்டும். அடுத்த மழைக்கு அது அப்படியே உள்ளே திரும்புகிறது. அதை அள்ளும் தொழிலாளர்களோ, மழைநீர் வடிகால் என்று நம்பி இறங்கி மலத்தில் நிற்கிறார்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உணர்வுக்கே இது எதிரானது.

இன்னொன்று. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து மணற்பாங்கான தெருக்களில், மழையை மண்ணே உறிஞ்சிக்கொள்ளும்போது கான்கிரீட் வடிகால் எதற்கு என்று குடியிருப்பாளர்கள் எதிர்த்துக் கேட்டது நியாயமான கேள்வி. மண்ணின் தன்மை பார்த்து, நீர் இறங்கும் இடத்தில் இறங்கவிடும் வடிவமைப்பையும் தீர்மானத்தில் சேருங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் இத்தீர்மானத்தை நிறைவேற்றி, சோதனையை எங்கள் பகுதியிலிருந்தே தொடங்குமாறு வேண்டுகிறேன். எங்கள் வளாகத்தின் குழாய் வரைபடம் தயாராக இருக்கிறது. எந்த நாளில் ஆய்வுக்கு வந்தாலும் மூடிகளைத் திறந்து காட்டக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வேளச்சேரி குடியிருப்பாளர் ஒருவர்