மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: பாய்லர் டெக்னீஷியன்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

தண்ணீரைச் சூடாக்கி வீட்டையே கதகதப்பாக வைக்கும் பாய்லரை வீடு வீடாகப் போய்ப் பழுதுபார்க்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். குளிர் உச்சத்தில் இருக்கும்போது பாய்லர் நின்றுபோன வீட்டுக்கு நீங்கள் வருகிறீர்கள். கதவைத் திறக்கும் எங்களுக்கு அந்த நேரத்தில் எதையும் அலசிப் பார்க்கும் தெம்பு இருப்பதில்லை. பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கவேண்டிய ரேடியேட்டர் சில்லிட்டுக் கிடக்கும். உள்ளே குழந்தையோ வயதானவரோ போர்வைக்குள் சுருண்டிருப்பார். நீங்கள் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவோம். அதனால் உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு வாக்கியம் எங்கள் பல மாதச் சேமிப்பைக் கரைக்கவும் செய்யும், காப்பாற்றவும் செய்யும்.

நான் சொல்லவந்தது அந்த வாக்கியத்தைப் பற்றி: "பழசாயிடுச்சு, மாத்திடுங்க."

எங்கள் பாய்லருக்கு 12 வயதானபோது உள்ளிருக்கும் தண்ணீரின் பிரஷர் இறங்கத் தொடங்கியது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை குழாயைத் திறந்து தண்ணீர் ஏற்றுவோம். பிரஷர் காட்டும் முள் மேலே வரும், மறுபடி இறங்கும். ஒரு நாள் அடியோடு நின்றுவிட்டது. வந்தவர் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டில் தயாரித்த ஆண்டைப் பார்த்தார். "12 வருஷமா? இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க" என்றார். மூடியின் ஒரு திருகைக்கூட அவர் கழற்றவில்லை. அம்மா அப்போது எங்களோடு இருந்தார், வயது 78. அவர் இருமுவதைக் கேட்டுக்கொண்டே புது பாய்லருக்கான தாளில் கையெழுத்துப் போடப் போனேன். "ராத்திரி ஒண்ணுதானே, பொறுத்துக்கறேன். இன்னொருத்தரையும் கேட்டுடு" என்று அம்மாதான் தடுத்தார்.

மறுநாள் வந்த பெரியவர் எடுத்த எடுப்பில் இரண்டு கேள்வி கேட்டார். ஆறியிருக்கும்போது முள் எங்கே நிற்கிறது? நன்றாகச் சூடேறியபின் எங்கே போகிறது? ஆறியிருந்தால் 1 பார் (பிரஷரை அளக்கும் அலகு) கூட இல்லை, சூடானால் 3 வரை ஏறுகிறது என்றேன். வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த செப்புக் குழாயின் வாயை விரலால் தடவிப் பார்த்தார். ஈரமாக இருந்தது. "பாய்லருக்கு ஒண்ணுமில்ல. மூச்சு விட இடம் இல்லாம தவிக்குது" என்றார்.

அவர் அன்று விளக்கியதை அப்படியே இங்கே எழுதுகிறேன், இதைப் படிக்கும் மற்ற வீட்டுக்காரர்களுக்கும் உதவும் என்பதால். தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால் கொள்ளளவு ஏறக்குறைய 3 விழுக்காடு கூடும். ரேடியேட்டர்களிலும் குழாய்களிலும் 100 லிட்டர் இருந்தால் கிட்டத்தட்ட மூன்று லிட்டருக்குப் புதிதாக இடம் வேண்டும். அதற்காகவே பாய்லருக்குள் எக்ஸ்பான்ஷன் வெசல் என்ற தொட்டி இருக்கிறது. நடுவில் ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. விரிகிற தண்ணீர் சவ்வைத் தள்ளிக்கொண்டு போகும், காற்று அமுங்கி இடம் கொடுக்கும். அந்தக் காற்று ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து போய்விட்டால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. பிரஷர் எகிறும். 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து, அந்தச் செப்புக் குழாய் வழியாகத் தண்ணீரை வெளியே கொட்டிவிடும். ஆறியதும் உள்ளே அளவு குறைந்திருக்கும், பாய்லர் நின்றுவிடும். நாங்கள் விவரம் தெரியாமல் மறுபடி தண்ணீர் ஏற்றுவோம். புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் உள்ளே போய் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதாவது, நல்லது செய்வதாக நினைத்து மூன்று மாதம் நானே என் பாய்லருக்குத் துருவை ஊட்டிக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது.

தொட்டியில் சைக்கிள் டியூபில் இருப்பதுபோல ஒரு காற்று வால்வு உண்டு. அதன் ஊசியை அவர் அழுத்திப் பார்த்தார். தண்ணீர் வந்திருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது என்று அர்த்தமாம், தொட்டியையே மாற்றவேண்டும். எங்களுடையதில் தண்ணீரும் வரவில்லை, காற்றும் வரவில்லை. தண்ணீர்ப் பக்க அழுத்தத்தை வடித்துவிட்டு, கால் பம்பால் 1 பாருக்குச் சற்றுக் கீழே வரை காற்றடித்தார். பலமுறை திறந்து மூடியதில் பாதுகாப்பு வால்வு சரியாக உட்காராமல் போயிருந்தது, அதை மட்டும் புதிதாகப் போட்டார். எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. அதன்பின் அந்த பாய்லர் ஐந்து வருடம் ஓடியது.

முதலில் வந்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. 10 முதல் 15 ஆண்டு வரை உழைக்கும் சாமான்தான் அது, 12 என்ற எண்ணைப் பார்த்ததும் மாற்றும் யோசனை எழுவது இயல்பு. ஆனால் வயது தெரிந்துவிட்டதால் பழுது தெரிந்துவிட்டதாகாது. சுடரை உணரும் எலக்ட்ரோடில் படிந்த கரி, புகையிலிருந்து வடியும் நீர் உறைந்துபோன வடிநீர்க் குழாய், சிக்கிக்கொண்ட டைவர்ட்டர் வால்வு (சூட்டை ரேடியேட்டருக்கோ வெந்நீர்க் குழாய்க்கோ திருப்பிவிடுவது), தவறான அளவு காட்டும் ஒரு சென்சார் என்று எதுவும் பாய்லரை நிறுத்தும். இரண்டு வயது பாய்லரிலும் இவை வரும். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் ரேடியேட்டரும் சேர்ந்து சூடாகிறது என்று ஒருவர் சொன்னால் கை எங்கே போகவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அறிவைத் தேடித்தான் உங்களைக் கூப்பிடுகிறோம். சீட்டில் இருக்கும் ஆண்டை நாங்களே படித்துக்கொள்வோம்.

மாற்றச் சொல்வதே தவறு என்றும் நான் நினைக்கவில்லை. அதே பெரியவர்தான் 17ஆம் வருடம் வந்து "இப்ப மாத்துங்க" என்றார். சுடரின் வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும் பிரதான ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசல் விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, விரிசலைக் காட்டினார். அந்த பாகம் இனித் தயாரிப்பில் இல்லை. எங்கிருந்தாவது வாங்கிப் போட்டாலும் கூலியோடு சேர்த்தால் புதியதன் விலையில் பாதியைத் தாண்டும். போட்டபிறகும் விசிறி, பம்ப், சர்க்யூட் போர்டு எல்லாம் அதே 17 வயது. இவ்வளவையும் அவர் பொறுமையாகச் சொன்னார், நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஐந்து வருடம் முன்பு காற்றடித்துக் கொடுத்துவிட்டுப் போன மனிதரிடம் என்ன கேட்பது?

கணக்கே போடக்கூடாத இடமும் ஒன்று உண்டு. என் தங்கை வீட்டுப் பழைய பாய்லரில் நீலமாக எரியவேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தது, மூடியின் விளிம்பில் கரி படிந்திருந்தது. அவளுக்கு வீட்டில் இருந்தால் தலைவலி, வெளியே போனால் சரியாகிவிடும். வந்த இளைஞர் கேஸை மூடிவிட்டு, இனி இதை ஏற்றமாட்டேன் என்று நின்றார். குளிரில் குழந்தைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நாங்கள் அவரிடம் சண்டையே போட்டோம். அவர் அசையவில்லை. சரியாக எரியாத சுடரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தம்பி, இதை நீங்கள் படிக்க நேர்ந்தால், அன்று குரல் உயர்த்தியதற்கு மன்னித்துவிடுங்கள். உங்கள் பிடிவாதத்தால் அந்த வீட்டில் நான்கு பேர் நலமாக இருக்கிறார்கள்.

எரிபொருள் மிச்சம் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். "புதுசு போட்டா பில் பாதியாயிடும்" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். புகையோடு போகும் வெப்பத்தையும் மீட்கும் கண்டென்சிங் வகைக்கு முந்தைய பழைய பாய்லர் எரிபொருளில் 75 விழுக்காட்டை வெப்பமாக்குகிறது, புதியது 90 என்று வைத்துக்கொள்வோம். முன்பு 100 பங்கு எரித்த வீடு இனி 83 பங்கு எரிக்கும். ஆறில் ஒரு பங்கு மிச்சம். நல்ல மிச்சம்தான், பாதி இல்லை. அதுவும், புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் கிடைக்கும். இயற்கை எரிவாயுவில் அதற்கு ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும். புது பாய்லரை மாட்டி, வெளியேறும் தண்ணீரை 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போனால், விலை கொடுத்து வாங்கிய சிக்கனத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகப் போய்விடும். கிளம்புமுன் அந்த ஒரு அமைப்பைச் சரிசெய்து கொடுங்கள். இப்போது இருப்பதே கண்டென்சிங் வகை என்றால், சிக்கனத்தைக் காட்டி மாற்றச் சொல்லாதீர்கள். அங்கே கிடைக்கும் வித்தியாசம் சொற்பம்.

மாற்றுவது என்று முடிவானபின் எங்களை அதிகம் ஏமாற்றுவது கறுப்புத் தண்ணீர். ரேடியேட்டரின் அடிப்பாகம் குளிர்ந்தும் மேல்பாகம் சூடாகவும் இருக்கும் வீடுகளில் உள்ளே துருச் சேறு உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழுவாமல் புதியதை மாட்டினால், பழைய பாய்லரைக் கொன்ற நோயையே புதியதற்கும் ஒட்டவைக்கிறோம். கழுவும் செலவு, காந்த வடிகட்டி, துருத்தடுப்பு மருந்து, புகைபோக்கி, வடிநீர்க் குழாய் எல்லாவற்றையும் முதல் விலையிலேயே சேர்த்துச் சொல்லுங்கள். பழுதுபார்ப்பு விலையை முழுதாகவும் மாற்றும் விலையை அரைகுறையாகவும் வைத்து ஒப்பிடச் சொன்னால் எங்களால் எப்படிச் சரியாக முடிவெடுக்க முடியும்? திறனையும் பழைய சீட்டைப் பார்த்து அப்படியே எழுதாதீர்கள். ஜன்னல் மாறியிருக்கும், கூரைக்குக் காப்பு போட்டிருப்பார்கள். தேவைக்கு மேல் பெரிய பாய்லர் எரிந்து அணைந்து, எரிந்து அணைந்தே தேய்ந்துவிடும்.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் தெரிகிறது. இன்று பம்பைச் சரிசெய்துவிட்டுப் போகிறீர்கள், அடுத்த மாதம் போர்டு போகிறது. "நீங்க கைவெச்ச பிறகுதான் இப்படி" என்று வீட்டுக்காரர் பாய்கிறார். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் மாற்றிவிடச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நோயைக் கண்டுபிடிக்கும் நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை என்பதும் ஒரு காரணம். அதற்குக் கூலி கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். "ஒரு மணி நேரம் பார்த்தேன், இந்த பாகம் போயிருக்கிறது, இதைச் சரிசெய்தால் அடுத்துப் போகக்கூடியது இது" என்று எழுதிக் கொடுத்தால், ஒரு திருகைக்கூட மாற்றாவிட்டாலும் நான் பணம் தருவேன். எடுத்துக்காட்டிய பிறகு அடுத்த பாகம் போனால் அந்தப் பழியை உங்கள்மேல் போடவும் மாட்டேன்.

கடைசியாக ஒன்று. மாற்றும் பேச்சைக் குளிர்காலம் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். கோடையில் வருடாந்திர சர்வீஸுக்கு வரும்போதே "ஹீட் எக்ஸ்சேஞ்சர் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் தாங்கும், பணம் சேர்த்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டால், நாலு பேரிடம் விசாரிக்கவும், பாய்லரே போதுமா, வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் ஹீட் பம்புக்குப் போகலாமா என்று யோசிக்கவும் எங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

எங்கள் புது பாய்லருக்குப் பக்கத்தில், அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஆறியபோது பிரஷர் எவ்வளவு, சூடானபோது எவ்வளவு, எப்போது தண்ணீர் ஏற்றினோம் என்று நாங்கள் தேதி போட்டு எழுதி வருகிறோம். வலது பக்கத்தை உங்களுக்காக விட்டிருக்கிறேன். அடுத்து எங்கள் வீட்டுக்கு வருபவர் யாராக இருந்தாலும், மூடியைத் திறந்து பார்த்ததை அதில் எழுதிவிட்டுப் போங்கள். பேனாவும் அங்கேயே இருக்கிறது.

நன்றியுடன்,
நீங்கள் வந்துபோகும் வீடுகளில் ஒன்றிலிருந்து